நரியாற்றங்கரை நைல் சிட்டி

2014 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, ராமநாதபுரம் மாவட்டம் சேகுப்பட்டினத்துக்குத் தென்மேற்கே, நரியாற்றின் கிழக்குக் கரையில், 'நைல் சிட்டி' என்று எழுதிய நுழைவு வளைவு திறந்துவைக்கப்பட்டது.

அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை. கமுதிக்கு அப்பால் எங்கோ தொடங்கி, மழைக்காலத்தில் சில நாள் செம்மண் கலங்கலாக ஓடி, மற்ற நாளெல்லாம் வெறும் மணலாகக் கிடந்து, கடைசியில் ஓசையில்லாமல் கடலோரக் கழியில் போய்ச் சேரும் ஆறு அது. அதற்கு நைல் என்று பெயர் வைத்தவர் ஹாஜா முகைதீன். ஜித்தாவில் துணிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். ஒருமுறை விமானம் தாமதமாகி, கெய்ரோவில் ஒரு ஓட்டலில் தங்கவைக்கப்பட்டு, ஜன்னல் வழியாக அந்த நதியைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவர் மீளவே இல்லை.

திறப்பு விழாவில் அவர் பேசினார். உலகத்தில் பெரிய பெரிய நாகரிகமெல்லாம் ஆற்றங்கரையில்தான் தோன்றின என்றார். பந்தலில் இருந்தவர்கள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டு மந்தை ஒன்று ஆற்றை நடந்தே கடந்துகொண்டிருந்தது.

அவர் வாங்கி மனை பிரித்த நிலம் தர்மராஜுடையது. உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று தலைமுறையாக நிலபுலனோடு இருக்கும் குடும்பம். ஆற்றங்கரை நிலம் மட்டும் சீமைக்கருவேல முள் மண்டி யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. விற்ற மறுநாள் டீக்கடையில் அவர் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது: "முள்ளு வெட்ட ஆளைக் கூப்புட்டாலே பாம்புக்குப் பயந்து வரமாட்டாய்ங்க. இவுக பொண்டு புள்ளையோட வந்து குடியிருக்கப் போறாகளாம்லே!" அப்படிச் சிரித்தவர், வளைவில் சீரியல் லைட்டு எரிந்ததைப் பார்த்ததும், தனக்கென்று ஒரு மூலை மனையைத் திரும்ப வாங்கி, வாசல் தூண் இரண்டிலும் சிங்கம் வைத்து மாடி வீடு கட்டினார். தான் விற்ற முள்ளுக்காடு அவருக்கு அதற்குள் நைல் நதிக்கரையாகிவிட்டிருந்தது.

அந்த இடத்துக்கு ஜனங்கள் ஏன் ஓடினார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சேகுப்பட்டினத்தின் பழக்கம் தெரிந்தால் கேட்க மாட்டார்கள். அங்கே நிக்காஹ் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு மகளுக்கு. நாலு மகள் என்றால் நாலு வீடு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டை நாலாக்க வேண்டும். கப்பல் வியாபாரம் நடந்த காலத்தில் கட்டிய பெரிய வீடுகளை இப்படி வகுத்து வகுத்து, கடைசியில் பழைய ஊரில் சுவர் அதிகமாகவும் இடம் குறைவாகவும் ஆகிவிட்டது.

மலிகாவின் பங்குக்கு வந்தது ஓர் அறையும் பாதிக் கூடமும். கூடத்தின் மறுபாதி அவளுடைய லாத்தா, மூத்த அக்காவுடையது. நடுவில் ஒரு திரை. மலிகாவின் புருஷன் ஹசன் அலி சவூதியில், தம்மாமில் டிரைவர். நிக்காஹ் ஆகிப் பதினாறு வருஷத்தில், விடுமுறை நாட்களையெல்லாம் சேர்த்தாலும், அந்தத் திரைக்கு இப்புறம் அவர் இருந்தது இரண்டு வருஷம் தேறாது. அந்த அறைக்கு அதுவே அதிகம் என்பாள் மலிகா. அவர்களுக்கு ஒரே மகள், சூஃபியா. வளைவு திறந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. பாதிக் கூடத்தைக் காட்டி அவளுக்கு மாப்பிள்ளை கேட்க முடியாது என்பது மலிகாவுக்குத் தெரியும். வீடு இல்லையென்றால் வரன் இல்லை. வேறு எந்த விஷயத்திலும் அவள் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

"அங்கன தண்ணி எப்பிடியாம்?" என்று தம்மாமிலிருந்து ஹசன் அலி கேட்டார்.

"பதினோரு அடியிலேயே இருக்கு. எளநி மாதிரி இருக்குங்கறாங்க. நானே குடிச்சுப் பாத்தேன்."

"அப்ப வாங்கிரு."

பழைய ஊரில் கிணறெல்லாம் உப்பு. குடிக்கத் தள்ளுவண்டித் தண்ணீர்தான். ஆகவே அந்தப் பதினோரு அடிதான் நைல் சிட்டியின் அஸ்திவாரம்; மற்றதெல்லாம் வர்ணப்பூச்சு. ஆற்று மணல் மழைநீரைக் குடித்துத் தன்னுள் வைத்திருந்தது. அந்த நல்ல தண்ணீருக்கு அடியில் கடல் தண்ணீர் இருந்தது. மணல் இருக்கும்வரை மேலது மேலேயே இருக்கும். இது ரகசியமில்லை. அந்தக் கரையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஹாஜா முகைதீனுக்குத் தெரியும், தர்மராஜுக்குத் தெரியும், மலிகாவுக்கும் தெரியும். தெரிந்ததை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த ஊரின் கதை.

முதல் மூன்று வருஷம் ஊர் எழும்பியது. எழும்பிய விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எந்த வீட்டுக்கும் வரைபடம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீடுதான் வரைபடம். பக்கத்து வீட்டில் ஆறு தூண் என்றால் இங்கே எட்டு. அங்கே நீலக் கண்ணாடி என்றால் இங்கே தங்க நிறக் கண்ணாடி. மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் கண்ணாடிகளெல்லாம் சேர்ந்து ஆளை வறுத்தெடுக்கும். பள்ளிவாசல் வந்தது. இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் வந்தது. பேக்கரி, ஏ.டி.எம்., 'நைல் மஹால்' என்று ஒரு கல்யாண மண்டபம், ஆற்றைப் பார்த்தபடி பெஞ்சு போட்ட பூங்கா எல்லாம் வந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மணலைப் பார்த்தார்கள். படம் எடுத்து வளைகுடாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 'மாஷா அல்லாஹ்' வந்தது.

வீடுகள் எல்லாம் பெண்கள் பெயரில். ஆனால் ஊர்ச் சங்கத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. சங்கம் என்பது 'நைல் லீடர்ஸ்' என்ற வாட்ஸ்அப் குழு. அதில் பெரும்பாலோர் தம்மாமிலும் ஷார்ஜாவிலும் குவைத்திலும் இருந்தார்கள். அந்த ஊரில் ஒரு வாளித் தண்ணீர்கூட இறைத்திராதவர்கள், டாக்சி ஹாரனும் ஏ.சி. இரைச்சலும் பின்னணியில் கேட்க, குரல் பதிவுகளில் அந்த ஊரை ஆண்டார்கள்.

அவர்களுடைய முதல் சட்டம் ஊற்றுகளைப் பற்றியது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த குடியிருப்பின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்று மணலில் இடுப்பளவு குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பிக்கொண்டு போனார்கள். நைல் சிட்டியின் பால்கனிகளிலிருந்து பார்த்தால் இந்தக் குழிகளும் குடங்களும் தெரிந்தன. படத்தில் விழுந்தன. பார்வைக்கு நன்றாயில்லை என்று குவைத்திலிருந்து ஒருவர் வருத்தப்பட்டார். மறுநாள் ஹாஜா முகைதீன் இரண்டு ஆட்களோடு ஆற்றில் இறங்கினார்.

முதல் குழிக்குள் அக்கரைப் பஞ்சம்மாள் நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மொதலாளி, தண்ணி வேணுமா? சிரட்டையிலதான் தருவேன், கிளாசு இல்ல."

"இந்த முன்பக்கம் தோண்டாதிய. மேக்க தள்ளிப் போங்க. இது ரெசிடென்சியல் ஏரியா."

"எது, ஆறா?"

"ஆத்தங்கரை."

"நான் கரையில நிக்கலயே மொதலாளி, ஆத்துக்குள்ளயில்ல நிக்கேன்." மற்ற குழிகளிலிருந்து சிரிப்பு வந்தது. பஞ்சம்மாள் விடவில்லை. "பேரு வச்சவுக சோறு போடணும்ல? ஆத்துக்குப் பேரு வச்சீகளே, ஒரு நாளு தண்ணி விட்டீகளா?"

ஹாஜா முகைதீன் ஆட்களுக்குக் கை காட்டினார். ஆட்கள் குழிகளை மூடினார்கள். பெண்கள் மேற்கே தள்ளிப் போய்த் தோண்டினார்கள். இதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தர்மராஜுக்கு வேறொரு யோசனை வந்தது. இவ்வளவு மணல் வாசலில் கிடக்க, நைல் சிட்டிக்காரர்கள் வீடு கட்ட வெளியூர் மணலுக்கு ஏன் லாரி லாரியாகக் காத்துக்கிடக்க வேண்டும்?

அவரிடம் டிராக்டர் இருந்தது. ஒரு ஜே.சி.பி.யும் வந்து சேர்ந்தது. அள்ளலாமா என்று கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை. நைல் லீடர்ஸ் குழுவில் ஷார்ஜாவிலிருந்து ஒருவர் சொன்னார்: "ஆத்து மணலுக்கு ஊரு உலகமே அலையுது. நமக்கு வாசல்லயே கெடக்கு. இதுதான் பரக்கத், அல்லா குடுத்த வளம்." அதற்கு நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு நைல் சிட்டியில் எழுந்த ஒவ்வொரு வீடும், அதன் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த மணலைக் கொண்டே கட்டப்பட்டது. சிரட்டையால் தண்ணீர் மொண்டவர்களை விரட்டிவிட்டு, இயந்திரத்தால் தண்ணீரின் பாத்திரத்தையே அள்ளினார்கள்.

மலிகா மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தாள். 2017 கடைசியில், அவள் வீட்டுக் கீழ்த்தளம் முடிந்திருந்த சமயம். காலையில் புதிதாகக் கட்டிய மாடிப்படிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள், ஜே.சி.பி. தன் மனைக்கு நேர் எதிரே ஆற்றில் இறங்கியிருப்பதைப் பார்த்தாள். பள்ளம் ஆளுயரத்தைத் தாண்டி இறங்கியிருந்தது. அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் சின்னச் சின்ன மீன்கள் துள்ளின. கழியில் ஓடும் மீன்கள். கடல் அந்தப் பள்ளம்வரை வந்துவிட்டது என்று அர்த்தம். கரையில் குடை பிடித்து நின்றிருந்த தர்மராஜிடம் போனாள்.

"அண்ணே, என்ன வேலை இது? என் வாசலுக்கு நேரா தோண்டுறிய. அதுக்குள்ள மீன் ஓடுது, பாருங்க. போருல உப்பு ஏறிரும்."

"உப்பு ஏறாது தாயி. மழை பேஞ்சா மணலு தன்னால வந்து ரொம்பிரும்."

"எந்த மழை? போன வருஷம் பேஞ்சதா? குடை வெயிலுக்குத்தானே புடிச்சிருக்கிய? நிறுத்தச் சொல்லுங்க."

தர்மராஜ் குடையை மறுதோளுக்கு மாற்றினார். "நிறுத்திரலாம். நம்ம ட்ரிப்புல அடுத்து யாரு வீடுன்னு தெரியுமா? ஒங்க வீடு. நாளைக்கு ஒங்க மாடிக்குக் கான்கிரீட்டு. எங்கன போயி மணலு அள்ளட்டும்? சொல்லுங்க, அங்கன போறேன்."

சூஃபியாவுக்கு அந்த மாதம்தான் வரன் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை ரிஃபாய், தோஹாவில் ஏ.சி. மெக்கானிக். மாடியறை முடிந்தால்தான் நிக்காஹ் நாள் குறிப்போம் என்று அவனுடைய உம்மா காலிதா தெளிவாகச் சொல்லியிருந்தாள். வெளியூர் மணல் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். மலிகா பள்ளத்தைப் பார்த்தாள். பாதியில் நின்ற மாடித் தூண்களைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கு அள்ளுறது அள்ளுங்க. அதுக்கப்புறம் இங்கன தோண்டக் கூடாது."

"அப்புறம் எதுக்குத் தோண்டப் போறேன்?" என்றார் தர்மராஜ்.

அப்புறமும் தோண்டினார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் இதையேதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

2018 வைகாசியில், புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டிருந்த மலிகாவின் அடுப்பில் ஒரு நாள் பால் திரிந்தது. கெட்ட பால் என்று நினைத்தாள். மறுநாளும் திரிந்தது. மூன்றாம் நாள் தேயிலையை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடித்துப் பார்த்தாள். துப்பினாள். எதிர்வீட்டுக்குப் போய், "உங்க போருல தண்ணி எப்பிடி இருக்கு?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "அல்ஹம்துலில்லாஹ், தேன் மாதிரி இருக்கு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. அந்த வீட்டு வாசலில் தண்ணீர் லாரியின் டயர் தடம் ஈரம் காயாமல் இருந்தது.

பிறகு பார்த்தால் எல்லா வாசலிலும் அதே டயர் தடம். சுபுஹு தொழுகைக்கும் விடிவுக்கும் நடுவில் ஒரே லாரி வீடு வீடாக நின்று மாடித் தொட்டிகளை நிரப்பிப் போனது. யாராவது பார்த்துவிட்டால் தொட்டி கழுவுகிறோம் என்றார்கள். அந்த ஊரைப்போலத் தொட்டி கழுவிய ஊர் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தேன் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நான்கு மாதம் ஓட்டினார்கள். வேறு வழியில்லை, முக்கால்வாசி வீடுகளில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். எவன் வீட்டில் உப்பு என்று முதலில் தெரிகிறதோ அவன் மகளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். சிலர் நல்ல தண்ணீர் தேடி இன்னும் ஆழமாகப் போர் போட்டார்கள். எண்பது அடி, நூறு அடி. கீழே போகப்போக உப்பு என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருக்கிறானே என்று போட்டார்கள். மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் அந்தக் குழாய்களோடு போனது.

ஹாஜா முகைதீனின் குரல் பதிவு ஒன்று வந்தது. நீளமானது. துபாயில் கடல் தண்ணீரையே குடிநீர் ஆக்குகிறார்கள், நாமும் மெஷின் போடப் போகிறோம் என்றது. இந்த சீசனில் நம் ஊரில் ஏழு நிக்காஹ் இருக்கிறது, அதுவரை தண்ணீரைப் பற்றி யாரும் வெளியே பேச வேண்டாம், ஊர் மானம் என்று முடிந்தது. ஹசன் அலி அதை மலிகாவுக்கு அனுப்பினார். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இவரு மானத்தை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏத்தட்டும்." ஆனால் அவளும் வெளியே பேசவில்லை.

ஐப்பசியில் காலிதா வீடு பார்க்க வந்தாள். சேகுப்பட்டினத்தில் வீடு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளையின் தாய் நேராகச் சமையலறைக்குப் போவாள். குழாயைத் தானே திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிப்பாள். அதற்குப் பிறகுதான் சர்பத்தோ சமோசாவோ வாயில் படும். அதற்கு முந்தின நாளே மலிகா தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீரை நிரப்பியிருந்தாள். கூடவே நின்று கழுவிய சூஃபியா கேட்டாள்:

"உம்மா, இது லாரித் தண்ணிதானே. கல்யாணத்துக்கு அப்புறமும் லாரி வந்துகிட்டே இருக்குமா?"

"அதுக்குள்ள மழை பெய்யும்."

"பெய்யாட்டி?"

"பெய்யாட்டி உன் மாப்பிள்ளை ஏ.சி. மெக்கானிக்தானே, ஏ.சி.யில சொட்டுறதப் புடிச்சுக் குடிங்க. பேசாமத் தேயி."

காலிதா குடித்தாள். இரண்டு மிடறு குடித்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, மீதியையும் குடித்தாள். "மாஷா அல்லாஹ். நாங்க இங்கன ஒரு மனை வாங்காமப் போனோமே," என்றாள். மலிகா சிரித்தபடி சமோசாத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

2019 ஜனவரியில் நிக்காஹ் நடந்தது. நைல் மஹாலில்தான். பிரியாணி அண்டாவுக்கும் லாரித் தண்ணீர்தான். ரிஃபாய் மாமியார் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தான். மலிகா நினைத்தது நடந்துவிட்டது: மகளுக்குச் சொந்த வீடு, அதில் மாப்பிள்ளை. அப்படி ஐந்து நாள் இருந்தது.

ஆறாம் நாள் லாரிக்காரர் குடும்பத்தோடு நயினார்கோவிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்விட்டார். தொட்டி காலி. மாப்பிள்ளை குளிக்கப் போகும் நேரம். மலிகா வேறு வழியில்லாமல் போர் மோட்டாரைப் போட்டாள். பத்து நிமிஷம் கழித்து ரிஃபாய் தலையில் பாதி சோப்போடு, துண்டைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் நின்றான்.

"மாமி, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது."

"மோட்டார்ல ஏதோ கோளாறு தம்பி."

"மோட்டாருக்கும் நுரைக்கும் என்ன மாமி?" அவன் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தோஹாவுல கடலோரத்துலதான் இருக்கேன். அங்கனகூட இவ்வளவு உப்பு இல்லை."

அவன் கோபக்காரன் இல்லை. ஆனால் பிற்பகலில் உம்மாவுடன் போனில் பேசும்போது, சிரிக்கச் சிரிக்க இதையும் சொல்லிவைத்தான். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் காலிதா வந்து இறங்கினாள். யாரிடமும் பேசாமல் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். டம்ளரை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல், மேடையில் வைத்தாள்.

"அன்னைக்கு நான் குடிச்சது எந்த ஊருத் தண்ணி, சம்பந்தி?"

"லாரித் தண்ணி," என்றாள் மலிகா.

"பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிச்சேனே."

"நல்ல தண்ணிதானே குடுத்தேன். உப்புத் தண்ணியா குடுத்தேன்?"

"பேச்சைப் பாரு! என் மகனுக்கு வீடு காட்டுனியளா, லாரியைக் காட்டுனியளா?" காலிதா கூடத்துக்கு வந்தாள். "ரிஃபாய், துணியை எடு. போகலாம்."

"எங்க போறது?" என்றான் ரிஃபாய்.

அப்போதுதான் அங்கே எல்லோருக்கும் உறைத்தது. காலிதா வீட்டில் அவனுக்கு இடம் இல்லை. அந்த வீட்டை அவள் தன் மூன்று மகள்களுக்கு எழுதி வைத்திருந்தாள். மூன்று மருமகன்கள் அங்கே இருந்தார்கள். ரிஃபாயின் கட்டிலைக்கூட நிக்காஹுக்கு மறுநாளே கழற்றி, அந்த இடத்தில் பீரோ வைத்துவிட்டார்கள். ஆண்பிள்ளைக்குத் தாய்வீட்டில் பங்கு வைக்காத ஊர் அது. அவனை அனுப்பிவிட்ட பிறகு திரும்ப வருவான் என்று யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. காலிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள்.

மலிகா அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கொஞ்ச நாள் பொறுங்க. மெஷின் வருதுங்கறாங்க. லாரிக்கு நான் பாத்துக்கறேன். பிள்ளை இங்கனயே இருக்கட்டும். இது அவ வீடு."

சூஃபியா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாள் மருதாணி கையில் இருந்தது.

"எந்த மெஷினும் வராது உம்மா. உங்களுக்கே தெரியும்." பிறகு ரிஃபாயைப் பார்த்துச் சொன்னாள்: "ராமநாதபுரத்துல வாடகைக்கு வீடு பாருங்க. பைப்புல நல்ல தண்ணி வருதான்னு கேட்டுட்டுப் பாருங்க."

"வாடகைக்கா?" என்று இரண்டு தாய்மாரும் ஒன்றாகக் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். சொந்த வீட்டுப் பெண் வாடகை வீட்டுக்குப் போவது அந்த இரண்டு குடும்பத்திலும் நடந்ததில்லை. "ஊரு என்ன சொல்லும்?" என்றாள் மலிகா.

"எந்த ஊரு உம்மா? இந்த ஊரா? தேன் மாதிரி இருக்குன்னு சொல்லும்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. கட்டிலும் பீரோவும் ஏறின. பட்டப்பகலில், தெரு முழுக்கப் பால்கனியில் நின்று பார்க்க, நைல் சிட்டியிலிருந்து வெளியேறிய முதல் வண்டி அது. அதுவரை எல்லோரும் காத்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான்போல. முதலில் ஒரு வீடு போய்விட்டால் பிறகு போகிறவர்களுக்கு வெட்கமில்லை. ஒரு மாதத்தில் ஒன்பது வீடுகள் பூட்டப்பட்டன. பேக்கரி போனது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியது, திறக்கவில்லை. ஏ.டி.எம்.மில் மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவில் 'தள்ளு' என்று மட்டும் இருந்தது.

வீடுகளும் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசிக் காலத்தில் பள்ளத்தின் அடியிலிருந்து அள்ளியது உப்பு மணல். அதைப் பூசிய சுவர்களில் உப்பு வெள்ளையாகப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, தூண்களைப் பிளந்தது. எட்டுத் தூண் வைத்தவர்களுக்கு எட்டும் பிளந்தது. தர்மராஜ் வீட்டுச் சிங்கங்களில் ஒன்றுக்கு முகம் உதிர்ந்துவிட்டது. அவர் சங்கத்தை மோசடி என்றார். சங்கம் அவரை மணல் திருடர் என்றது. இரண்டும் உண்மை. அவர் தன் கிராமத்துக்கே திரும்பிப் போனார். ஹாஜா முகைதீன் சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மெஷின் வரும் என்று அங்கிருந்தும் இரண்டு பதிவு அனுப்பினார். நைல் லீடர்ஸ் குழுவில் கடைசியாக வந்தது, 'இனிய காலை வணக்கம்' என்று எழுதிய ஒரு ரோஜாப்பூப் படம்.

இவர்களெல்லாம் போவதற்கு வேறு இடம் இருந்தது. அக்கரைக் குடியிருப்புக்கு இல்லை. மேற்கே தள்ளிப்போய்த் தோண்டிய ஊற்றுகளும் உப்பேறிவிட்டன. பஞ்சம்மாளும் மற்றவர்களும் இப்போது சாலையில் குடத்தை வரிசை வைத்து, அதே லாரிக்குக் காத்திருக்கிறார்கள். மணல் அள்ளியபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. போகும்போதும் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

மலிகா கடைசிவரை இருந்து பார்த்தாள். தெருவில் மூன்றே வீட்டில் விளக்கு எரிந்த காலத்திலும், வாரம் ஒருமுறை மாடியறையைப் பெருக்கிக் கட்டிலில்லாத இடத்தையும் துடைத்து வைத்தாள். சூஃபியா போனில் கூப்பிடுவாள்: "உம்மா, இங்க வந்து இருங்க." மகள் வாடகை வீட்டில் இருப்பதையே ஏற்காதவள், தானும் அங்கே போய் இருப்பதா என்று மறுத்தாள். 2020 கார்த்திகையில் நல்ல மழை பெய்தது. ஆறு மூன்று நாள் ஓடியது. பள்ளங்களில் நிறைந்தது. தண்ணீர் வடிந்ததும் மலிகா மோட்டாரைப் போட்டு, ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். அடுத்த வாரம் வீட்டைப் பூட்டினாள்.

2021 ஆகஸ்டில், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இறால் பண்ணை, நைல் சிட்டியின் ஆற்றோரப் பகுதியை வீட்டுக்காரர்களிடமிருந்து பதினைந்து வருஷக் குத்தகைக்கு எடுத்தது. உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே கிடைப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. மலிகா பழைய ஊரில் தன் அறைக்கும் பாதிக் கூடத்துக்கும் திரும்பிவிட்டாள். ஹசன் அலி தம்மாமிலேயே இருக்கிறார். சூஃபியா ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். நைல் சிட்டி வீடு அவள் பெயரிலேயே இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் பண்ணைக்காரர்கள் இறால் தீவன மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள்.